அரிக்கமேட்டுக்கு வந்த ஒயின் வழியிலேயே ஏன் புளிக்கலை?

போன மாசம் எங்க வீட்டுப் பரணை ஒழிச்சப்போ ஒரு வெள்ளை ஒயின் பாட்டில் கிடைச்சது. பிரான்ஸ்ல இருக்கிற சித்தப்பா 2019-ல வந்தப்போ கொடுத்தது. விசேஷம் ஏதாவது வந்தா திறக்கலாம்னு ஓட்டுக்கு அடியில நின்ன வாக்கிலேயே வச்சிருந்தேன். புதுச்சேரி வெயில் அஞ்சு கோடை அதைக் காய்ச்சியிருக்கு. திறந்தா டீ டிக்காஷன் நிறம், காடி வாசனை. தப்பு என்னோடதுதான். வெள்ளை ஒயினைக் குளிர்ச்சியா, இருட்டுல, 10-லிருந்து 13 டிகிரிக்குள்ள வைக்கணும். தக்கை காயாம இருக்கப் படுக்க வைக்கணும். அப்படி வச்சாலும் சாதாரண ரகம் ரெண்டு மூணு வருஷம்தான் நல்லா இருக்கும். திறந்துட்டா ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் மூணு நாள், மிஞ்சிப்போனா அஞ்சு நாள். சிவப்பு ஒயினுக்குத் திராட்சைத் தோலோட துவர்ப்பு ஒரு காவல். வெள்ளைக்கு அது கம்மி, அதனால காத்து பட்டா சீக்கிரம் கெடும்.

அப்போதான் அரிக்கமேடு ஞாபகம் வந்தது. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆத்தோரம், பஸ்ல போற தூரம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க மத்தியதரைக் கடல் ஒயின் வந்து இறங்கியிருக்கு. ஃப்ரிட்ஜ் இல்லை, கண்ணாடி பாட்டில்ல அடைக்கிற பழக்கமும் இல்லை. எப்படி வந்தது?

வந்ததுக்குச் சாட்சி, ஆம்போராங்கிற ரெண்டு கைப்பிடி ஜாடியோட ஓடுகள். 1944-ல மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில அப்படி ஒரு துண்டைப் பார்த்துட்டு, எங்க கிடைச்சதுன்னு கேட்டு, புதுச்சேரின்னதும் கிளம்பி வந்தார். 1945-ல தோண்டினார். அவர் அதை ரோமானிய வணிகத் தளமாப் பார்த்தார். 1989-லிருந்து 1992 வரைக்கும் மறுபடி தோண்டின விமலா பெக்லி குழு, ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்ததுன்னு காட்டினாங்க. ஏற்கெனவே புழக்கத்துல இருந்த துறைக்குத்தான் ஒயின் வந்தது. இன்னும்கூட சிலர் "ரோமானியர் கட்டின ஊர்"னு சொல்றாங்க, எனக்கு அது எரிச்சலா இருக்கும்.

பயணத்தைக் கணக்குப் பாருங்க. பிளினி கொடுத்த நாள் கணக்கு: அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் வழியா கோப்டோஸ் 12 நாள். அங்கிருந்து ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி பெரெனிக்கே 12 நாள். செங்கடல்ல 30 நாள். அப்புறம் பருவக்காற்றுல முசிறி வரைக்கும் 40 நாள். மொத்தம் 94 நாள், அதுவும் நடுக்கோடையில. முசிறியிலிருந்து கிழக்குக் கரைக்கு வர்றது தனிக் கணக்கு. என் பரணைவிட மோசமான பாதை இது.

ஜாடி உட்புறத்துல பைன் மரப் பிசினைக் காய்ச்சிப் பூசுவாங்க. இல்லைன்னா சுட்ட மண் ஒயினை உறிஞ்சி வெளியே கசியவிட்டுடும். வாயைத் தக்கையால அடைச்சு மேல சுண்ணாம்புச் சாந்து பூசுவாங்க. காத்து போக வழியில்லை. பிசின் வாசனை ஒயின்ல ஏறும், அதைக் குறைன்னு நினைக்கலை.

ஆனா எனக்குப் பிடிச்சது கோஸ் தீவுக் கதை. அரிக்கமேட்டு ஆம்போரா ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ஞ்சப்போ, கோஸ் வகை ஜாடிகள் நிறைய இருந்தது தெரிஞ்சது. கோஸ் ஒயின்ல கடல்நீர் கலப்பாங்க. பழக்கம் எப்படி வந்ததுன்னா, பிளினி சொல்றபடி, ஒரு அடிமை ஒயினைத் திருடிக் குடிச்சுட்டு, அளவு குறையக் கூடாதுன்னு கடல்நீரை ஊத்தி வச்சானாம். நம்ம ஊர் பால்காரர் கதைதான்! அதுவே முறையாகி, வெள்ளைத் திராட்சைச் சாறுல கலந்ததுக்கு "லூக்கோகூம்", அதாவது வெள்ளைக் கோஸ்னு தனிப் பெயரும் வந்தது. ஊறுகாய்க்கு உப்பு என்ன செய்யுதோ, ஏறக்குறைய அதையே இதுக்கும் செஞ்சிருக்கும். காட்டோ தன் விவசாய நூல்ல, கோஸ் ஒயினை இத்தாலியிலேயே தயாரிக்கச் செய்முறையே எழுதி வச்சிருக்கார். அதனால கோஸ் மாதிரி ஜாடின்னா கோஸ் தீவுலேருந்தேதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

இதைக் குடிச்சவங்களும் நம்ம இலக்கியத்துல இருக்காங்க. புறநானூறு 56-ல நக்கீரர் பாண்டியன் நன்மாறனை, யவனர் நல்ல கலத்துல கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைக் குடிச்சு இனிது வாழச் சொல்றார். அந்த மணத்துல கொஞ்சம் பைன் பிசினும் இருந்திருக்கும்னு நான் நினைச்சுக்கிறேன்.

வெயிலை எதிர்க்காம ஏத்துக்கிட்ட ஒயினும் உண்டு. பின்னாடி ஐரோப்பியக் கப்பல்கள் மதேரா தீவு ஒயினைப் பீப்பாயில இந்தியாவுக்கு ஏத்தினப்போ, வெப்பமண்டலச் சூட்டுல அதுக்கு ருசி கூடுச்சு. அப்புறம் வேணும்னே கப்பல்ல சுத்தவிட்டாங்க. ஆனா அதுல பிராந்தி சேர்த்து வீரியம் ஏத்தியிருப்பாங்க. என் பாட்டிலுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அரிக்கமேட்டுக்குப் போறவங்க, ஆத்தங்கரை அரிச்சு ஓடு தெரிஞ்சா எடுத்துப் பையில போட்டுக்காதீங்க. எந்த அடுக்குல கிடந்ததுங்கிறதுதான் அதோட வயசைச் சொல்லும். பார்க்கணும்னா புதுச்சேரி அருங்காட்சியகத்துல வச்சிருக்காங்க. சித்தப்பா டிசம்பர்ல வர்றார், பாட்டில் என்னாச்சுன்னு கட்டாயம் கேட்பார்.