சார்லஸ், ஜான்

சார்லஸ், வில்லியம் ஜான் (27 டிசம்பர் 1931 – 21 பிப்ரவரி 2004): வேல்ஸ் நாட்டுக் கால்பந்து வீரர். இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட், இத்தாலியில் யுவென்டஸ் ஆகிய கழகங்களுக்கு ஆடிப் பெயர் பெற்றவர். நடுக் காப்பாளர், மத்திய முன்கள வீரர் ஆகிய இரு இடங்களிலும் தம் காலத்தின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். யுவென்டஸின் மூன்று இத்தாலிய லீக் பட்டங்களிலும் இரண்டு இத்தாலியக் கோப்பைகளிலும் பங்கு கொண்டார்.

இளமையும் லீட்ஸ் ஆண்டுகளும்

ஸ்வான்சி நகரின் கும்பூர்லா பகுதியில் பிறந்தார். தம்பி மெல் சார்லஸும் பின்னாளில் ஆர்சனலுக்கும் வேல்ஸுக்கும் ஆடினார். பள்ளி முடித்ததும் ஜான், ஸ்வான்சி டவுன் கழகத்தில் மைதான வேலைக்குச் சேர்ந்தார். அக்கழகத்தின் முதல் அணியில் இடம் பெறுவதற்குள் லீட்ஸ் அவரை அழைத்துக்கொண்டது.

1949 ஏப்ரலில், 17 வயதில், ஸ்காட்லாந்தின் குயின் ஆஃப் தி சவுத் அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் நடுக் காப்பாளராகக் களமிறக்கப்பட்டார். அவர் மறிக்க வேண்டியிருந்தவர் பில்லி ஹூலிஸ்டன். சில நாட்களுக்கு முன்புதான் வெம்ப்ளியில் இங்கிலாந்தின் காப்பு வரிசையைத் திணறடித்தவர். அன்று அவரை அசையவிடாமல் செய்த பையனைப் பற்றிய பேச்சு அத்துடன் தொடங்கியது. 1950 மார்ச்சில், 18 வயது முடிந்து சில வாரங்களே ஆன நிலையில், வேல்ஸ் அணியில் இடம் கிடைத்தது. இடையில் ஈராண்டுகள் கட்டாய ராணுவப் பணி.

1952 இறுதியில் மேலாளர் ஃபிராங்க் பக்லி, கோல் அடிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்கச் சார்லஸைப் பின்களத்திலிருந்து முன்களத்துக்கு மாற்றினார். அந்தப் பருவத்தில் 26 லீக் கோல்கள். 1953–54இல் இரண்டாம் பிரிவில் 42 கோல்கள். ஒரே பருவத்துக்கான லீட்ஸ் சாதனையாக இது இன்றும் நிற்கிறது. 1956இல் அணி முதல் பிரிவுக்கு ஏறியது. மேல்மட்டத்தில் இவர் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1956–57இன் 38 கோல்கள் விடையாயின. அப்பருவத்தில் முதல் பிரிவிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவர் அவரே.

டுரினுக்குப் போனது

1956 செப்டம்பரில் லீட்ஸின் எல்லாண்ட் ரோடு மைதானத்தின் மேற்கு மாடம் தீயில் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டும் செலவுதான் சார்லஸை விற்கக் காரணம் என்பது பரவலான கருத்து. ஆனால் செல்வக் கழகங்களின் கண் அதற்கு முன்பே அவர்மேல் விழுந்திருந்தது என்பதால், தீ விபத்து முடிவை விரைவுபடுத்தியது என்று மட்டும் கொள்வோரும் உண்டு.

வீரரின் பக்கத்துக் காரணத்தில் ஐயமில்லை. அன்றைய இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 38 கோல் அடித்தவருக்கும் வாரம் 20 பவுண்டுக்குக் குறைவாகவே கிடைத்தது; அந்த வரம்பு 1961இல்தான் நீங்கியது. இத்தாலியிலோ ஒப்பந்தத் தொகை, வெற்றிக்குத் தனி ஊக்கப் பணம், குடியிருக்க வீடு, ஓட்டக் கார் என்று எல்லாம் உண்டு. போருக்குப் பின் மிலான் கழகத்துக்கு வந்த ஸ்வீடன் வீரர்களும், யுவென்டஸுக்கு 1950இலும் 1952இலும் பட்டம் வென்று தந்த ஜான் ஹான்சன், பிரெஸ்ட் என்ற டென்மார்க் வீரர்களும் இந்த வழியைத் திறந்து வைத்திருந்தனர்.

டுரின் நகரக் கழகமான யுவென்டஸின் தலைவராக அப்போது இருந்தவர் ஃபியட் குடும்பத்தின் உம்பெர்த்தோ அன்யெல்லி, வயது 22. 1957 ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்துக்கு எதிராகச் சார்லஸ் ஆடியதை நேரில் பார்த்தார். ஆட்டம் கோலின்றி முடிந்தது; அன்யெல்லியின் முடிவு மாறவில்லை. தரகராக இருந்து பேசி முடித்தவர் ஜீஜி பெரோனாச்சே. விலை 65,000 பவுண்ட். ஒரு பிரிட்டிஷ் வீரருக்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

யுவென்டஸில் (1957–1962)

இவரது வாழ்க்கையில் இந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத்தும் படமும் மிகுதியாகக் கிடைக்கின்றன. இத்தாலியின் விளையாட்டு நாளிதழ்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீரர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கமுடையவை. அவர் என்ன சாப்பிட்டார், எங்கே பாடினார் என்பது வரை எழுதின. அவர் நல்ல குரல் வளம் உடையவர். இத்தாலியில் இசைத்தட்டும் வெளியிட்டார்.

அவர் சேர்ந்தபோது யுவென்டஸ் சில ஆண்டுகளாகப் பட்டம் கிட்டாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதே கோடையில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கழகத்திலிருந்து ஒமார் சிவோரியும் வந்து சேர்ந்தார். முன்பே அங்கிருந்த ஜாம்பியேரோ போனிபெர்த்தி சற்றுப் பின்னே நகர்ந்து பந்தை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். சிவோரி குள்ளம், இடக்கால் ஆட்டக்காரர். காலுறையைக் கணுக்காலுக்குச் சுருட்டிவிட்டு, எதிராளியின் கால்களுக்கிடையே பந்தைத் தட்டிவிட்டுச் சிரிப்பவர். சார்லஸோ ஆறடி இரண்டு அங்குலம். கோணத்திலிருந்து உயர்ந்து வரும் பந்துக்குக் காப்பாளர்கள் எம்பும்போது அவர் அவர்களுக்கும் மேலே நிற்பார். தலையால் முட்டினால் உதைத்த வேகத்தில் போகும். நேராகக் கோலுக்கு முட்டாமல் சிவோரியின் காலடிக்கு இறக்கிவிட்ட பந்துகள் எத்தனையோ. கோல் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

முதல் பருவத்திலேயே 28 கோல்கள் அடித்து இத்தாலிய லீக்கின் முதல் கோலாளர் ஆனார், சிவோரி 22. யுவென்டஸ் தன் பத்தாவது பட்டத்தை வென்றது. பத்துப் பட்டங்களுக்கு அடையாளமாகச் சட்டையில் தங்க நட்சத்திரம் அணியும் வழக்கம் அந்தப் பட்டத்தோடுதான் தொடங்கியது. அடுத்த பருவம் 19 கோல்கள், இத்தாலியக் கோப்பை. 1959–60இல் 23 கோல்கள். லீக், கோப்பை இரண்டும் கிட்டின. 1960–61இல் 15 கோல்களும் மீண்டும் லீக் பட்டமும். கடைசிப் பருவத்தில் காயங்களுக்கிடையே எட்டு. ஆக லீக்கில் மட்டும் 93. எல்லாப் போட்டிகளும் சேர்ந்து 155 ஆட்டங்களில் 108 கோல் என்ற கணக்கு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் எவற்றைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. 1959ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கான தேர்வில் டி ஸ்டெஃபானோ, கோப்பா ஆகியோருக்கு அடுத்து மூன்றாமிடம் பெற்றார்.

ஐரோப்பியக் கோப்பையில் இந்த அணி சோபிக்கவில்லை. 1958இல் வியன்னாவில் வீனர் ஸ்போர்ட்கிளப்பிடம் 7–0 என்று தோற்றது. உள்நாட்டில் அத்தனை கோல் குவித்த முன்வரிசை ஆல்ப்ஸைத் தாண்டியதும் ஏன் அடங்கிப்போனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

அன்றைய இத்தாலியக் காப்பாட்டம் இரக்கமற்றது. சட்டையைப் பிடித்து இழுப்பது, நடுவர் பாராதபோது காலை மிதிப்பது ஆகியவை அன்றாடம். சார்லஸ் திருப்பி அடித்ததில்லை என்பதில் எதிரணியினரும் உடன்படுகின்றனர். ‘இல் ஜிகான்டே புவோனோ’, நல்ல ராட்சசன், என்ற பட்டம் இதனால் வந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட எச்சரிக்கையோ வெளியேற்றமோ பெறவில்லை என்று பெரும்பாலான வரலாறுகள் கூறுகின்றன. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970இல்தான் வந்தன என்பதால் எச்சரிக்கை பற்றிய பகுதியை அட்டைக் காலத்துக் கணக்குப்போல உறுதியாகக் கொள்வதற்கில்லை.

இதையொட்டி இரு நிகழ்ச்சிகள் வழங்குகின்றன. டொரினோ கழகத்துக்கு எதிரான நகர ஆட்டமொன்றில் சார்லஸ் மோதியதில் காப்பாளர் கீழே விழ, எதிரே கோல்காப்பாளர் மட்டும் இருக்க, அவர் பந்தை வெளியே உதைத்துவிட்டு விழுந்தவரைப் பார்க்கத் திரும்பினார் என்பது ஒன்று. 1949இல் சுபெர்கா விமான விபத்தில் தன் அணியையே பறிகொடுத்த டொரினோவின் ரசிகர்கள் யுவென்டஸ்காரர் எவரையும் எளிதில் வாழ்த்துபவர்களல்லர்; இவரை வாழ்த்தினர். மற்றது, நடுவரிடம் சீறிப் பாய்ந்த சிவோரியை நிறுத்தக் கன்னத்தில் ஓர் அறை விட்டார் என்பது. இரண்டும் பலராலும் பலவிதமாகச் சொல்லப்பட்டு வருபவை; நாளும் எதிரணியும் சொல்பவரைப் பொறுத்தவை. இரண்டாவது உண்மையானால், ஆடுகளத்தில் அவர் கை ஓங்கியதாகச் சொல்லப்படும் ஒரே ஆள் சொந்த அணியின் தோழர்.

அணி ஒரு கோல் முன்னிலை பெற்றதும் அவரை நடுக் காப்புக்கு இறக்கிவிடும் வழக்கமும் இருந்தது. அவர் எந்த இடத்தில் மேலானவர் என்ற வாதம் இதனால் முடிவுக்கு வரவேயில்லை. தாம் எதிர்கொண்ட மிகச் சிறந்த முன்கள வீரர் அவரே என்று காப்பாளர்களும், மிகச் சிறந்த காப்பாளர் அவரே என்று முன்கள வீரர்களும் சொல்லிவைத்ததால், இரு தரப்புச் சாட்சியமும் ஒன்றையொன்று வெட்டிவிடுகின்றன.

1958 உலகக் கோப்பை

இத்தாலி தகுதி பெறாத இந்தப் போட்டிக்கு வேல்ஸ் தகுதி பெற்றது. இத்தாலியிலிருந்து அனுமதி வரத் தாமதமாகி, சார்லஸ் ஸ்வீடனுக்குக் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். ஹங்கேரிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தலையால் முட்டிக் கோல் அடித்தார், 1–1. மெக்சிகோவுடனும் ஸ்வீடனுடனும் சமன். ஹங்கேரியை மறுபடி சந்தித்த தீர்மான ஆட்டத்தில் வேல்ஸ் 2–1 என்று வென்றது. ஆனால் உதைபட்டுக் காயமுற்ற சார்லஸ் கால் இறுதியில் ஆட முடியவில்லை. 1958 ஜூன் 19 அன்று கோத்தன்பர்கில் பிரேசில் 1–0 என்று வென்றது. அந்தக் கோல், 17 வயதுப் பெலேயின் முதல் உலகக் கோப்பை கோல். சார்லஸ் இருந்திருந்தால் என்ற கேள்வியை வேல்ஸ்காரர்கள் விட்டதில்லை. வேல்ஸுக்காக அவர் மொத்தம் 38 ஆட்டங்களில் 15 கோல்கள் அடித்தார்.

பிற்காலம்

1962இல் 53,000 பவுண்டுக்கு லீட்ஸ் திரும்ப வாங்கியது. அவரைக் காண வரும் கூட்டத்தை எண்ணி நுழைவுக் கட்டணமும் உயர்த்தப்பட்டது. 11 லீக் ஆட்டங்கள், மூன்று கோல்கள். மேலாளர் டான் ரெவியின் கடும் ஓட்டப் பயிற்சிக்கு அவர் உடல் ஒத்துழைக்கவில்லை. சில மாதங்களில் ரோமா கழகம் கூடுதல் விலை கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கு 10 லீக் ஆட்டங்கள், நான்கு கோல்கள். 1963 முதல் 1966 வரை கார்டிஃப் சிட்டி, பெரும்பாலும் பின்களத்தில். பின்னர் ஹியர்ஃபோர்ட் யுனைடெட்டில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் 1971 வரை இருந்தார். மெர்தர் டிட்ஃபிலிலும் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் தொடங்கிய தொழில்கள் கைகொடுக்கவில்லை.

1997இல் யுவென்டஸ் ரசிகர்கள் அவரைத் தம் கழகத்தின் மிகச் சிறந்த வெளிநாட்டு வீரராகத் தேர்ந்தனர். பிளாட்டினி, சிவோரி ஆகியோர் அவருக்குப் பின். 2001இல் பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருது கிடைத்தது. 2004 ஜனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக மிலானுக்குச் சென்றிருந்தபோது நோயுற்றார். மறுமாதம் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் காலமானார். எல்லாண்ட் ரோடின் மேற்கு மாடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருக்குப் பின் யுவென்டஸுக்குச் சென்ற வேல்ஸ் வீரர்களில் இயன் ரஷ் 1987–88இல் ஏழு லீக் கோல்களோடு திரும்பினார். ஏரன் ராம்சி 2019இல் அங்கு சேர்ந்தார்.