திலோனியாவுக்கு வந்த பாட்டிமார்

சகோதரிகளே, பருவநிலை மாற்றம், பசுமைத் தொழில் பயிற்சி என்று பேச்சு வந்தாலே, "பத்தாவது முடிச்ச பிள்ளைங்க பேரை எழுதுங்க" என்கிறோம். எனக்கு அப்போதெல்லாம் திலோனியா ஞாபகம்தான் வரும்.

அது ராஜஸ்தானில், அஜ்மீர் மாவட்டத்துக் கிராமம். 1972-ல் பங்கர் ராய் அங்கே தொடங்கிய அமைப்புதான் வெறுங்கால் கல்லூரி என்று பேர் வாங்கியது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்து கிராமத்துப் பெண்கள் சூரிய மின்சாரம் படிக்க வந்தார்கள். பலர் பாட்டிமார், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 2008 முதல் இந்திய அரசின் ஐடெக் திட்டம் கைகொடுத்தது. ஆறு மாசப் பயிற்சி. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது. சைகையும் நிறமும்தான் பாஷை. நிறம் பார்த்துக் கம்பி இணைத்து, ஈயம் பற்றவைத்து விளக்கு செய்தார்கள்.

ஏன் பாட்டிமார்? வாலிபர்கள் சான்றிதழோடு பட்டணம் போயிடுவாங்க, பாட்டி ஊரோடு இருப்பார் என்பது ராயின் கணக்கு. நான் பாதிதான் ஒத்துக்குவேன். பிள்ளைங்க போறது உள்ளூரில் கூலி இல்லாததால.

அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. மண்ணெண்ணெய், மெழுகுவத்திக்கு ஆன செலவை ஒட்டி வீட்டுக்கு வீடு மாதப் பணம். ஊர்க்குழு அதிலிருந்து பழுது பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும். சந்தா வசூல் நமக்குப் புதுசா? அந்தக் கூலி உறுதியானால் பேத்தியும் ஊரில் நிற்பாள். அடுத்த கூட்டத்தில் பேர் எழுதும் முன்னே கூலிக்குத் தீர்மானம் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.