புரி அழித்த என்ஃபீல்டு

1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி என்றதும் 1857-உம் கொழுப்பு தடவிய தோட்டாவும்தான் ஞாபகம் வரும். கிளர்ச்சி அடங்கின பிறகு அந்தத் துப்பாக்கிக்கு என்ன நடந்தது என்பது அதைவிட சுவாரசியம்.

என்ஃபீல்டின் பலமே குழலுக்குள்தான். நீளம் 39 அங்குலம், உள்விட்டம் 0.577 அங்குலம், உட்சுவரில் மூன்று சுருள் பள்ளங்கள், அதாவது புரி. அதில் சுழன்று வெளியே வருவதால் குண்டு நேராகப் போகும். குறி பார்க்க 900 கெஜம் வரை அளவு போட்ட ஏணி. புரியில்லாத பழைய மஸ்கட்டில் 100 கெஜம் தாண்டினாலே குறி நிச்சயமில்லை.

இவ்வளவு நல்ல ஆயுதம் இந்தியச் சிப்பாய் கையில் வேண்டாம் என்று ஆங்கிலேயர் முடிவு செய்தார்கள். என்ஃபீல்டு குழலையே 0.656 அங்குலத்துக்குக் குடைந்து, புரியை அழித்துக் கொடுத்தார்கள். ஏணியும் போய், அசையாத குறி வந்தது. இதுதான் 1858 மாதிரி. ஆனால் குழலின் சுவர் சுற்றிலும் 1 மி.மீ. மெலிந்துபோய், குழல் எளிதில் வளைந்தது. அதனால் 1859 மாதிரிக்குத் தடித்த குழல் புதுசாகவே செய்தார்கள்.

சரி, இன்று அப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், உள்ளே பழைய மருந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்புறம் குழல் வாயை அளக்கணும். வழவழப்பாக இருந்தும் விட்டம் 14.7 மி.மீ. என்றால், புரி துருவிலோ தேய்மானத்திலோ போயிருக்கலாம். 16.7 மி.மீ. இருந்து சுவரும் மெலிசு என்றால், குடைந்தது. சுவர் தடிப்பு என்றால் 1859 மாதிரி. அது பிறக்கும்போதே அப்படித்தான், மாற்றம் எதுவும் இல்லை. குழலும் முன்கட்டையும் வெட்டிக் குட்டையாக இருந்தால், ராணுவத்தைவிட்டு வந்தபின் யாரோ வேட்டைக்காக மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே நிறைய என்ஃபீல்டுகள் இப்படி ஆயின. விசைத் தகட்டில் உள்ள வருஷத்தை மட்டும் நம்பக்கூடாது. அது தகட்டின் வயசைத்தான் சொல்லும், குழலை எப்போது குடைந்தார்கள் என்று சொல்லாது.

பொதுவாக ராணுவம் ஒரு ஆயுதத்தை மாற்றுவது அதை மேம்படுத்தத்தான். ஸ்னைடர் மாற்றம் அப்படிப்பட்டது: 1860களில் இதே என்ஃபீல்டை, பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியாக்கினார்கள். 1858-இல் நடந்ததோ வேண்டுமென்றே மட்டமாக்கியது. பிறகும் அந்தப் பயம் போகவில்லை. 1870களில் பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது, இந்தியச் சிப்பாய்க்கு வந்தது ஸ்னைடர்தான். எப்போதும் ஒரு படி பின்னால்.