கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி: விவாதம் எதைப் பற்றியது? ஊடகங்கள் எதைக் காட்டுகின்றன?

புதுதில்லி: கஞ்சாச் செடியை மருத்துவம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்காகக் கட்டுப்பாட்டுடன் சாகுபடி செய்யலாம் எனப் பரிந்துரைத்த குழுவின் அறிக்கையை ஏற்று, ஹிமாசல பிரதேச சட்டப்பேரவை 2024 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்மானம் நிறைவேற்றியது. மாநில வருவாய்த் துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி இக்குழுவுக்குத் தலைமை வகித்தார். போதைக்காகக் கஞ்சாவை விற்கவோ பயன்படுத்தவோ இத்தீர்மானம் இடமளிக்கவில்லை. ஆனால், "கஞ்சாவுக்கு அனுமதி" என்று செய்தி சுருங்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

கஞ்சா குறித்த விவாதம் உண்மையில் ஒன்றல்ல. நார், விதை ஆகியவற்றுக்கான சாகுபடி, மருத்துவப் பயன்பாடு, பயன்படுத்துவோருக்கான தண்டனையை நீக்குதல், வெளிப்படையான விற்பனை என நான்கு தனித்தனிக் கேள்விகள் அதில் அடங்கியுள்ளன. ஒன்றை ஆதரிப்பவர் மற்றொன்றை எதிர்க்கலாம்.

சட்டம் கூறுவது என்ன?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்டிபிஎஸ்), செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியையே கஞ்சா என வரையறுக்கிறது. செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பிசின், சரஸ் எனப்படுகிறது. நுனிப்பகுதி சேராத இலைகளும் விதைகளும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. இலையிலிருந்து தயாரிக்கப்படும் பாங்கு வட மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். அதேவேளையில், அஸ்ஸாமில் பாங்குக்கும் தடை உள்ளது.

தண்டனை, கைப்பற்றப்பட்ட எடையைப் பொருத்தது. கஞ்சாவைப் பொருத்தவரை 1 கிலோ வரை "சிறிய அளவு". 20 கிலோவுக்கு மேல் "வணிக அளவு". சரஸுக்கு இவ்வரம்புகள் முறையே 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவு கஞ்சாவுக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வணிக அளவெனில் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படும். ஜாமீன் பெறுவதும் மிகக் கடினம். சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கிய, போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் இச்சட்டத்தில் வழியுண்டு.

நூற்றாண்டு கடந்த விவாதம்

பிரிட்டிஷ் ஆட்சியில் 1893-94-ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட ஆணையம், 1,193 சாட்சிகளிடம் விசாரித்தது. மிதமான பயன்பாட்டால் பெரிய தீங்கில்லை என்றும், அளவு மீறிய பயன்பாடு தீங்கானது என்றும் அது கருதியது. முழுத் தடைக்குப் பதிலாக வரியும் கட்டுப்பாடும் போதும் என்று பரிந்துரைத்தது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் உருவானது.

2020 டிசம்பர் 2-ஆம் தேதி, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் 27 நாடுகள் ஆதரவாகவும் 25 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எனினும், பிற சர்வதேசக் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன.

ஆதரவும் எதிர்ப்பும்

சிறிய அளவில் பயன்படுத்துவோரைச் சிறையில் அடைப்பதால் கடத்தல்காரர்கள் தப்பிவிடுவதாகவும், மலை மாவட்டங்களில் தானாக வளரும் செடி ஏழை விவசாயிகளுக்கு வருவாய் தரக்கூடும் என்றும் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். வளரிளம் பருவத்தில் கஞ்சா பயன்படுத்துவது மனநலப் பாதிப்புக்கான வாய்ப்பை அதிகரிக்கும் என்பதும், கட்டுப்பாடு தளர்ந்தால் பயன்பாடு பரவும் என்பதும் எதிர்ப்பாளர்களின் கவலை.

இரு தரப்பும் மேற்கோள் காட்டத்தக்க தரவு, எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில் உள்ளது. நாட்டில் ஏறத்தாழ 3.1 கோடி பேர் ஓராண்டுக் காலத்தில் பாங்கு, கஞ்சா அல்லது சரஸைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் பயன்படுத்தியது பாங்கு. அதேவேளையில், சுமார் 72 லட்சம் பேருக்கு இப்பழக்கத்தால் ஏற்பட்ட பாதிப்புக்கு உதவி தேவைப்பட்டது.

ஊடகங்களில் கஞ்சா

கஞ்சா பறிமுதல் செய்திகளில் "பல லட்சம் மதிப்புள்ள" என்ற தொடர் வழக்கமாக இடம்பெறுகிறது. ஆனால், தண்டனையைத் தீர்மானிப்பது எடைதானேயன்றி சந்தை மதிப்பு அல்ல. செய்தியுடன் வெளியாகும் படத்திலோ பெரும்பாலும் செடியின் இலை இருக்கும். தனி இலை சட்டப்படி கஞ்சாவே அல்ல.

தவறான சித்திரிப்பு ஒருவரின் வாழ்வையே பாதிக்கக்கூடும் என்பதை 2020-ஆம் ஆண்டு நிகழ்வுகள் காட்டின. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மறைவைத் தொடர்ந்து, நடிகை ரியா சக்ரவர்த்தி செப்டம்பரில் போதைப்பொருள் வழக்கில் கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சிகள் வாட்ஸ்ஆப் உரையாடல்களை ஒளிபரப்பி, விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு வழங்கும் தொனியில் விவாதங்களை நடத்தின. அக்டோபர் 7-ஆம் தேதி அவருக்கு ஜாமீன் வழங்கிய மும்பை உயர்நீதிமன்றம், அவர் போதைப்பொருள் வியாபாரிகளின் சங்கிலியில் ஓர் அங்கமல்ல என்று குறிப்பிட்டது. சுஷாந்த் மறைவு குறித்த செய்தி ஒளிபரப்புகளுக்கு எதிரான மனுக்களில் 2021 ஜனவரி 18-ஆம் தேதி தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுவதாகும் என்று கூறி நெறிமுறைகளை வகுத்தது.

மறுபுறம், கஞ்சாவை எல்லா நோய்களுக்கும் மருந்தாகச் சித்திரிப்பதும் பிழையே. அதிலுள்ள கன்னாபிடியால் என்ற வேதிப்பொருளைக் கொண்ட மருந்துக்கு 2018-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது, இரு அரிய வலிப்பு நோய்களுக்காக மட்டுமே.

மாநிலங்களும் வெளிநாடுகளும்

போதைத்தன்மை மிகக் குறைந்த, ஹெம்ப் எனப்படும் வகையைப் பயிரிட 2018-இல் நாட்டிலேயே முதலாவதாக உரிமம் வழங்கிய மாநிலம் உத்தரகண்ட். ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவுப் பொருள்களாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் அங்கீகரித்தது. ஹிமாசலில் வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்கள் முன்னோட்ட ஆய்வு மேற்கொள்ள 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கனடா 2018-இல் விற்பனையை அனுமதித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் பொது இடத்தில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம். 2022-இல் கட்டுப்பாட்டை நீக்கிய தாய்லாந்து, 2025-இல் மருத்துவச் சான்று இருந்தால் மட்டுமே விற்பனை என்ற நிலைக்குத் திரும்பியது.

இந்தியாவில் போதைக்கான கஞ்சா தொடர்ந்து சட்டவிரோதமாகவே உள்ளது. "கஞ்சாவுக்கு அனுமதி" என்ற செய்தி வரும்போது, செடியின் எந்தப் பகுதி, எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த அளவில் என்ற மூன்று விவரங்களே அதன் பொருளைத் தெளிவுபடுத்தும்.