கொழுந்தும் பெயரும்

தேவாரத்தில் பொழுது விடியுமுன்பே தேநீர்க் கடைகளில் வெந்நீர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் அருந்தும் அத்தேநீரைத் தரும் செடிக்குக் காமெல்லியா சினென்சிஸ் என்பது அறிவியற் பெயர். மொரேவியாவின் புர்னோ நகரில் 1661-இல் பிறந்து, மணிலாவில் ஏழைகளுக்கு மருந்தளித்து, அத்தீவுகளின் மூலிகைகளை ஆராய்ந்து, 1706-இல் அங்கேயே மறைந்தவர் ஜார்ஜ் ஜோசப் காமெல் என்னும் இயேசு சபை அருள்சகோதரர். அவர் நினைவாகத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் வேறொரு பூஞ்செடிக்குச் சூட்டிய பேரினப் பெயரே காமெல்லியா. பின்வந்த அறிஞர் தேயிலையையும் அவ்வினத்தில் சேர்த்தனர்.

எளிய சகோதரர் ஒருவரின் பெயர் நிலைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மேற்கே மலைத்தொடரை நோக்குங்கால் வேறொரு நினைவு எழுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூணாறு மலைகளில் தேயிலை வேரூன்றியபோது, காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் கங்காணிகளின் பின்னே சென்றவர்கள் தமிழ்ச் சமவெளியின் ஏழை மக்கள். தேயிலைப் பெட்டிகள் சிற்றிரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது.

பெட்டிகள் இறங்க வடம் இருந்தது. மக்களோ கைக்குழந்தையும் மூட்டையுமாக நடந்தே ஏறினர். அவர்களுள் எவர் பெயரும் எந்தச் செடிக்கும் சூட்டப்படவில்லை.

இறந்தோர் பெயர்களை ஆலயத்தில் வாசிக்கும் நவம்பர் மாதத்தில், மலையேறிய தம் முன்னோரின் பெயரறிந்த குடும்பங்கள் அவற்றையும் எழுதித் தருவார்களாக. ஒருமுறையேனும் அப்பெயர்களை நாம் உரக்கச் சொல்வோம்.