கால்வானியின் தவளை

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரைக் கையாளாத மாணவர் இருக்க முடியாது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தவளை ஒளிந்திருப்பது உங்களுக்குத் தெரியுமா?

இத்தாலியில் பொலோஞா நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் லூயிகி கால்வானி (1737–1798). இறந்த தவளையின் பின்னங்கால்களைப் பித்தளைக் கொக்கியில் கோத்து, இரும்புக் கிராதியில் அவர் தொங்கவிட்டார். கொக்கி இரும்பில் அழுந்தியபோது கால்கள் துடித்தன! பிராணியின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்று முடிவு செய்து, 1791-இல் அதை வெளியிட்டார்.

இதற்குத் தவளை ஏன் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது? அதன் வாழ்க்கை முறையே காரணம். தவளை ஓர் இருவாழ்வி. தலைப்பிரட்டையாக இருக்கும்போது நீரில் செவுள்களால் சுவாசிக்கிறது. வளர்ந்தபின் நுரையீரலோடு கரையேறுகிறது. ஆனாலும் ஈரத்தை அது துறப்பதில்லை. மெல்லிய தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது, ஆக்சிஜனையும் பெறுகிறது. குளிர்நாட்டுத் தவளைகளில் சில, குளிர்காலம் முழுவதும் குளத்தின் அடியில் தோலால் மட்டுமே சுவாசித்துக் கிடக்கின்றன. உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவு நம்மைப்போல் அதற்கு இல்லை. ஆகவே சிறிதளவு ஆக்சிஜனே போதும். உடலிலிருந்து பிரித்தெடுத்த பின்னும் அதன் நரம்பும் தசையும் மணிக்கணக்கில் செயல்படுவது இதனால்தான்.

பவியா நகரின் இயற்பியல் பேராசிரியர் அலெசாந்திரோ வோல்ட்டா கால்வானியின் கருத்தை மறுத்தார். மின்சாரம் பிறப்பது இருவேறு உலோகங்களால்; தவளைக்கால் அதைக் காட்டும் நுட்பமான கருவி மட்டுமே என்றார். ஈரத் தசைக்குப் பதிலாக உப்புநீரில் நனைத்த அட்டைகளை வெள்ளி, துத்தநாகத் தகடுகளுக்கிடையே வைத்து அடுக்கினார். 1800-இல் உலகம் முதல் மின்கல அடுக்கைக் கண்டது. கால்வானி அப்போது உயிரோடில்லை.

அப்படியானால் கால்வானி தோற்றாரா? இல்லை. உலோகமே இல்லாமல், நரம்பைத் தசைமேல் படவைத்தே துடிப்பை உண்டாக்கலாம் என்று 1794-இல் அவர் காட்டியிருந்தார். 1840-களில் கார்லோ மாத்தேயூச்சி, தவளைத் தசையின் மின்னோட்டத்தைக் கால்வனாமீட்டரைக் கொண்டே அளந்தார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. வோல்ட்டாவின் வழியில் மின்கலம் வந்தது. கால்வானியின் வழியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி வந்தது.

தவளையின் கதை இன்னும் முடியவில்லை. அதற்கு வாழ்வளித்த ஈரத்தோலையே இன்று ஒரு பூஞ்சை தாக்குகிறது. இந்த நோயை விஞ்ஞானிகள் 1998-இல் விவரித்தனர். நோயுற்ற தோலால் சோடியம், பொட்டாசியம் உப்புகளின் அளவைக் காக்க முடிவதில்லை. அந்த உப்புகளின் அயனிகளே உடல் மின்சாரத்துக்கு ஆதாரம். அவை குறையும்போது தவளையின் இதயம் நின்றுவிடுகிறது. 2023-இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி, ஆராய்ந்த சுமார் 8,000 இருவாழ்வி இனங்களில் நூற்றுக்கு 41 அழியும் அபாயத்தில் உள்ளன. வாழிடங்களை நாம் அழிப்பதும், பருவநிலை மாற்றமும், இந்த நோயும் இதற்குக் காரணங்கள்.

அடுத்த முறை கால்வனாமீட்டரின் முள் அசையும்போது, முதலில் அசைந்தது ஒரு தவளையின் கால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் குளக்கரையில் அதன் குரல் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.