பெருந்தமனி ரத்தக்கட்டி

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ரத்தக்கட்டி சிக்கிக்கொள்ள அந்தக் கவடு வாகான இடம். வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, துடிப்பு தாறுமாறானவரின் இதயத்தில் உறைந்த கட்டி பெயர்ந்து வந்து அங்கே அடைப்பது ஒரு வகை. கொழுப்பு படிந்த தமனியில் ரத்தம் மெல்ல உறைவது இன்னொரு வகை, புகைபிடிப்பவர்களிடம் அதிகம். நடந்தால் தொடையில் வலி, ஆண்மைக் குறைவு, தொடையிடுக்கில் நாடி இல்லாமை என இந்த இரண்டாம் வகையின் அடையாளங்களைத் தொகுத்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ்.

1916-ல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஜே மெக்லீனின் ஆய்விலிருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பிறந்தது. 1929-ல் லிஸ்பனில் ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ் முதுகுவழி ஊசி செலுத்தி, பெருந்தமனியை எக்ஸ்ரே படத்தில் தெரியவைத்தார். ஆனாலும் கட்டியை எடுப்பது பெரிய அறுவையாகவே நீடித்தது. அதை மாற்றியவர் தாமஸ் ஃபோகார்டி. மீன் தூண்டிலுக்குப் பூச்சி கட்டும் முடிச்சு கைவந்த அவர், ரப்பர் கையுறையின் விரல்நுனியை மெல்லிய குழாயில் கட்டி பலூனாக்கினார். 1961 முதல், தொடையிடுக்கில் சிறு கீறல் போட்டுக் கட்டியை இழுத்தெடுக்க முடிந்தது. இத்துறையில் இதைவிட எளிமையான கண்டுபிடிப்பைச் சொல்வது கடினம்.

இத்தகைய சிகிச்சைக்கு ஆந்திராவின் சித்தூர்க்காரர்கள் நாடும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் வெகுகாலம் வேலூர் சி.எம்.சி.தான், 40 கிலோமீட்டருக்கும் குறைவு. 1993-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனை திருப்பதியில் செயல்படத் தொடங்கியபின் வடக்கேயும் வழி திறந்தது. 2007-ல் வந்த ஆந்திர அரசின் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம், ஏழைகளின் பெருஞ்செலவு சிகிச்சைக்கு அரசுப் பணம் தந்தது.

கருவிகள் வந்துவிட்டன, நேரம்தான் இன்னும் எதிரி. திடீர் அடைப்பில் சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் பாயாவிட்டால் தசை சாகத் தொடங்கும். பிறகு அடைப்பை நீக்கினாலும், செத்த தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகமும் கெடலாம். இரண்டு கால்களும் செயலிழப்பதால் தண்டுவடக் கோளாறு என்று நினைத்துப் பொழுதைத் தொலைப்பதுண்டு. தொடையிடுக்கில் விரல்வைத்து நாடி பார்த்தாலே சந்தேகம் எழுந்துவிடும், சி.டி. ஆஞ்சியோ உறுதிசெய்யும், கட்டி எங்கிருந்து வந்தது என்பதை இதயத்தின் எக்கோ பரிசோதனை தேடும். அறுவைக்குப் பின் பலருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடரும்.

இரு கால்களும் ஒருசேர வலித்து, சில்லிட்டு, மரத்துப்போனால் தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.